கென்யா பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவி: பொருளா, காசா, எந்த வழியில்?

பட்டர்வொர்த் சேகர்
வணக்கம். இங்கே மலேசியாவில் பதினைந்து பேர் சேர்ந்து மாதம் 2,000 வெள்ளி (ரிங்கிட்) போடுவதாகப் பேசி முடித்திருக்கிறோம். மேற்குக் கென்யாவில், புசியா வட்டாரத்தில் ஓர் அரசாங்கத் தொடக்கப்பள்ளி. அந்த ஊர்ச் சமூகக் குழு ஒன்றின் வழியாக, வசதியில்லாத 60 பிள்ளைகளுக்கு உதவ எண்ணம். கேள்வி மூன்று. இங்கே சங்கமாகப் பதிய வேண்டுமா? பழைய சீருடை, சப்பாத்து, ஆங்கிலப் புத்தகம் எல்லாம் நிறையக் கிடைக்கும், கொள்கலனில் ஏற்றி அனுப்பலாமா? 'ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர்' என்றால் ஆள் சேர்ப்பது சுலபம், அது சரிவருமா?

செந்தூல் கணக்கர்
சேகர் அண்ணே, முதலில் காகித வேலையைப் பார்ப்போம். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவுக்குக் குறைந்தது 7 பேர் போதும், உங்களிடம் ஆள் இருக்கிறது. சட்டவிதியில் நோக்கங்கள் பகுதியை மட்டும் கவனமாக எழுதுங்கள். 'வெளிநாட்டுப் பிள்ளைகளின் கல்விக்கு உதவுதல்' என்று அதில் இல்லாவிட்டால், பிறகு வங்கியில் காசு அனுப்பப் போகும்போது வாய் அடைத்துப்போகும். பதிந்த பிறகு, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவகமான ஆர்.ஓ.எஸ்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும். சின்னச் சங்கங்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இதில்தான். இதெல்லாம் பாரமாகத் தெரிந்தால், ஏற்கெனவே பதிவுள்ள ஒரு சங்கத்தின் துணைக்குழுவாகச் சேர்ந்துகொள்ளுங்கள். தனி ரசீதுப் புத்தகம், தனிக் கணக்கேடு. பதினைந்து பேருக்கு இதுவே மேல் என்பேன். எப்படியானாலும் ஒருவருடைய சொந்தக் கணக்கில் மட்டும் காசு சேரக்கூடாது.

'வரிக்கழிவு உண்டு' என்று நன்கொடையாளரிடம் வாய்விட்டுவிடாதீர்கள். அதற்கு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் ஒப்புதல் தனியாக வாங்க வேண்டும், வெளிநாட்டில் செலவழிப்பதென்றால் அதற்கும் மேலே முன் அனுமதி வேண்டும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைப் பாதையில் உண்டியல் குலுக்கும் யோசனை இருந்தால் போலீஸ் உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள். பொது இட வசூலுக்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

அடுத்தது அனுப்பும் முறை. மாதாமாதம் அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும். வங்கி வழி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு டிடிக்கும் (தந்திப் பணமாற்று) நிலையான கட்டணம் உண்டு, நடுவில் டாலராக மாறும்போது இடைவங்கியும் கிள்ளும். ஆகவே தவணைக்கு ஒரு முறை அனுப்புங்கள், கட்டணம் அனைத்தும் அனுப்புநர் பொறுப்பு என்று படிவத்தில் குறியுங்கள். கென்யாவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, மொத்தம் மூன்று தவணை. தவணை திறப்பதற்கு மூன்று வாரம் முன்பே காசு அங்கே இருக்க வேண்டும். ஜனவரித் தவணைக்கு டிசம்பர் நடுவில் அனுப்பினால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாட்டும், நவம்பர் கடைசியிலேயே முடித்துவிடுங்கள். பெறுபவர் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கட்டும். பெயர் மாறினால் பணம் திரும்பி வரும், கட்டணம் வராது.

அங்கே 2007 முதல் எம்-பெசா இருக்கிறது, கைப்பேசியிலேயே காசு போய்விடும். வசதிதான். ஆனால் தலைமையாசிரியரின் சொந்த எண்ணுக்கு அனுப்பாதீர்கள். குழுவின் பெயரில் பதிந்த 'பேபில்' எண் (அமைப்புகள் எம்-பெசாவில் காசு பெறும் எண்) அல்லது இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரவாங் ராஜா
இங்கே நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளே பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்க, ஆப்பிரிக்கா எதற்கு?

செந்தூல் கணக்கர்
அதற்குத் தனி இழை திறங்கள் தம்பி, அங்கேயும் வந்து எழுதுகிறேன். இது சேகர் அண்ணன் கேட்டதற்கு.

மல்லிகா, கிளானா ஜெயா
கொள்கலனை மறந்துவிடுங்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து மொம்பாசாவுக்குக் கப்பல் கூலி ஒன்று மட்டும் என்று நினைக்கிறோம். பழைய துணிக்குப் புகையூட்டல் சான்றிதழ், சுங்க முகவர் கூலி, வரி, பிறகு புசியா வரை லாரி. ஒரு காகிதம் குறைந்தால் பெட்டி துறைமுகத்திலேயே நிற்கும், நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். பழைய துணிக்குக் கென்யாவில் பஞ்சமும் இல்லை. 'மிதும்பா' என்று அதற்கே சந்தை சந்தையாக வியாபாரம் நடக்கிறது. நம் ஊர் வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை அங்கே சீருடையும் ஆகாது, ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் நிறம் உண்டு.

புத்தகத்தில் இன்னும் கவனம் வேண்டும். இதே புசியா வட்டாரத்தில் பாடநூல் கொடுத்துச் சோதித்த ஆய்வு ஒன்று உண்டு, செய்தவர்களில் ஒருவர் 2019இல் பொருளியல் நோபல் பெற்ற மைக்கேல் கிரேமர். முன்பே நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குப் பயன் இருந்தது, மற்றவர்களின் மதிப்பெண் அசையவில்லை. ஆங்கிலம் பல பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி, புத்தகமோ அவர்கள் தரத்துக்கு மேலே. நம் ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வுப் பயிற்சி நூலை அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கென்யாவில் பாடத்திட்டமும் மாறிவிட்டது. தொடக்கப்பள்ளி எட்டு, இடைநிலை நான்கு, பல்கலைக்கழகம் நான்கு ஆண்டு என்ற பழைய எட்டு–நான்கு–நான்கு முறை போய், 2023 முதல் ஏழாம் வகுப்பிலிருந்து இளநிலைப் பிரிவு நடக்கிறது. பாடநூலை 2018 முதல் அரசாங்கமே நேராகப் பள்ளிக்கு அனுப்புகிறது. பிள்ளைகள் கையில் இல்லாதது எழுதும் நோட்டு, பேனா, வடிவியல் பெட்டி. அதெல்லாம் புசியா கடைத்தெருவிலேயே கிடைக்கும்.

இன்னொன்று. அரசாங்கத் தொடக்கப்பள்ளியில் 2003 முதல் கல்விக் கட்டணம் கிடையாது. 'ஃபீஸ் கட்ட வேண்டும்' என்று கடிதம் வந்தால் எதற்கு, எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சாப்பாடு, தேர்வுத்தாள், காவலாளி சம்பளம் என்று பெற்றோரிடம் வாங்குவது உண்டு. அதை அதன் பெயரிலேயே எழுதித் தரட்டும்.

பட்டர்வொர்த் சேகர்
நன்றி மல்லிகா அக்கா. அப்படியானால் 60 பேருக்கும் மதியச் சாப்பாடு போடலாமா? அதுதான் முதல் தேவை என்று அந்தக் குழு சொல்கிறது.

மல்லிகா, கிளானா ஜெயா
தேவைதான், ஆனால் 60 பேருக்கு மட்டும் முடியாது. ஒரே வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சாப்பிட, பாதி வேடிக்கை பார்க்கவா? முதல் நாளே சமையற்காரம்மா எல்லாருக்கும் பங்கு போட்டுவிடுவார், தட்டு பாதி காலியாக இருக்கும். போட்டால் முழு வகுப்புக்குப் போட வேண்டும். கீழ் வகுப்பு ஒன்றிரண்டை முழுமையாக எடுக்க முடியுமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அங்கே வழக்கம் கிதேரி, அதாவது சோளமும் பீன்சும் சேர்த்து வேகவைப்பது. ஒரு பிள்ளைக்கு உலர் எடையில் சோளம் 150 கிராம், பீன்ஸ் 40 கிராம், எண்ணெய் 5 கிராம், கொஞ்சம் உப்பு. 100 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்குச் சோளம் 15 கிலோ, பீன்ஸ் 4 கிலோ. தவணைக்கு 60 பள்ளி நாள் என்றால் சோளம் 900 கிலோ. கென்யாவில் மூட்டைக் கணக்கு 90 கிலோ, ஆக 10 மூட்டை. பீன்ஸ் 240 கிலோ. முதல் நாள் இரவே ஊறப்போட்டால் விறகு வெகுவாக மிச்சம். விறகும் செலவுதான், பட்டியலில் அதை எழுத மறந்துவிடுவார்கள்.

சோளத்தில் பயப்பட வேண்டியது பூஞ்சை நஞ்சு. 2004இல் கிழக்குக் கென்யாவில் அஃப்ளாடாக்சின் கலந்த சோளம் சாப்பிட்டு 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தால் அது போகாது. ஈரப்பதம் 13.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் வாங்கவே கூடாது. அளக்கும் கருவி பெரிய தானிய வியாபாரிகளிடம் இருக்கும், எடை போடும்போதே அளந்து சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்கி, சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அறுவடை முடிந்த கையோடு வாங்கினால் விலை குறைவு, ஆனால் அப்போதுதான் ஈரமும் அதிகம். விலையைப் பார்த்து ஏமாறக்கூடாது.

பிறை வாணி
மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு புரவலர் வேண்டாம். புரவலர் ஒருவர் விலகினால் அந்தப் பிள்ளை நடுவில் நிற்கும். ஒருவர் பிறந்தநாளுக்கு மிதிவண்டி அனுப்புவார், பக்கத்து மேசைப் பிள்ளைக்கு ஒன்றும் வராது. பொது நிதியாக வையுங்கள். நன்கொடையாளருக்குத் தவணைக்கு ஒரு பக்க அறிக்கை போதும்: எத்தனை பிள்ளைகள், வருகை எத்தனை நாள், என்ன வாங்கினார்கள், மீதி எவ்வளவு.

பிள்ளையின் முகம், முழுப்பெயர், பள்ளிப் பெயர் மூன்றையும் ஒன்றாக முகநூலில் போடவே கூடாது. அந்த மூன்றும் தெரிந்தால் யாரும் பள்ளி வாசலில் போய் நிற்கலாம். கென்யாவில் 2019 முதல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பிள்ளையின் படம் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கடிதம் போடுவதானாலும் பள்ளி வழியாக மட்டும்.

குழுவின் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். சமூகக் குழுக்களுக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி அமைச்சு தந்த தனி அடையாள எண்ணும் இருக்கட்டும். ஒரே பிள்ளையை இரண்டு மூன்று தொண்டு அமைப்புகளிடம் காட்டிக் காசு வாங்குவது நடக்கிற விஷயம், எண் இருந்தால் மற்ற அமைப்பிடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடைக்காரரின் மின்ரசீதில் கியூஆர் குறி இருக்கும், அதை இங்கிருந்தே சரிபார்க்கலாம். ஊர்த் தையற்காரரிடம் அது இருக்காது. அவரிடம் கையெழுத்துச் சீட்டு, கூடவே பிள்ளை வாரியாக வாங்கியவர் கையொப்பம் கேளுங்கள்.

பட்டர்வொர்த் சேகர்
சரி, சாப்பாடு இப்போதைக்கு வேண்டாம். சீருடை, சப்பாத்து, நோட்டு என்று தொடங்குகிறோம். தையற்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

மல்லிகா, கிளானா ஜெயா
பள்ளி தரும் 'சின்னது, நடுத்தரம், பெரியது' பட்டியலை நம்பித் தைக்கக் கொடுக்காதீர்கள். தையற்காரர் பள்ளிக்கே வந்து ஒவ்வொரு பிள்ளையையும் அளக்கட்டும். ஆளுக்கு இரண்டு செட், ஒரு சுவெட்டர். கால்சட்டை, கவுன் கீழ்மடிப்பில் 5 சென்டிமீட்டர் துணி உள்ளே விட்டுத் தைத்தால் அடுத்த ஆண்டு பிரித்து இறக்கலாம். சப்பாத்துக்குக் காலை வெறும் தாளில் வைத்துக் கோடு போட்டு வாங்குங்கள், பெருவிரலுக்கு முன்னே ஒரு விரல் அகலம் இடம் விட்டு. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். முதலில் ஐந்து செட் தைத்து, துவைத்துக் காட்டச் சொல்லுங்கள். சாயம் போகிற துணி அதிலேயே தெரிந்துவிடும்.