வக்கீல் அம்மா வட்டமிட்ட மூன்று இடங்கள்

2024 கடைசியில் எனக்கு நடந்தது. வீட்டு மரவேலைக்கு ஒருவரிடம் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். ஒரு மாதத்தில் முடிப்பதாகச் சொன்னவர் நான்கு மாதம் இழுத்தார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஒரு ராத்திரி ஆத்திரம் தாங்காமல் அவர் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் கொட்டித் தீர்த்துவிட்டேன். மூன்றாவது வாரம் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பத்து லட்சம் மான நஷ்ட ஈடு, பகிரங்க மன்னிப்பு, இல்லையென்றால் கிரிமினல் வழக்கு.

பதறிப்போய் முதல் வேலையாகப் பதிவை அழித்தேன், ட்ராஷிலிருந்தும் நீக்கினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். அவரிடம் ஸ்கிரீன்ஷாட் பத்திரமாக இருந்தது. "எனக்கும் இதே கதைதான்" என்று மூன்று பேர் கீழே தேதியோடு எழுதியிருந்த கமென்டுகள்தான் போய்விட்டன. எனக்குச் சாட்சியாக நின்றிருக்கக்கூடியவை அவை.

நான் போய்ப் பார்த்த வக்கீல் அம்மா நோட்டீஸை மேசையில் விரித்தார். என் பதிவு அதில் முழுசாக இருந்தது. பென்சிலை எடுத்து மூன்றே இடத்தில் வட்டம் போட்டார்: 'திருடன்', 'ஊரையே ஏமாற்றுபவன்', 'குடும்பமே ஃபிராடு'.

"தம்பி, நாலு மாசமா அலமாரிக்குக் கதவு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. ரசீது இருக்கு, போட்டோ இருக்கு, அது நிக்கும். ஊரையேன்னா யார் யாரை? பட்டியல் இருக்கா? அவர் சம்சாரம் உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணை நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை.

வக்கீல் அம்மா விளக்கியதில் எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். அவதூறுக் குற்றம் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500-வது பிரிவுகளில் இருந்தது; 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் தண்டனையாக விதிக்கலாம். "போலீஸ் வந்து தூக்கும்" என்று மிரட்டுகிறார்களே, அவதூறு மட்டும் என்றால் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிநபர் புகார் கொடுக்க வேண்டும். நான் அதுவரை நினைத்திருந்தது, உண்மையைச் சொன்னால் பயமில்லை என்று. சிவில் வழக்கில் அது சரி. கிரிமினலில், அதை வெளியில் சொன்னது பொது நன்மைக்காக என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

பதில் நோட்டீஸில் அந்த மூன்றுக்கும் வருத்தம் தெரிவித்தோம். மற்றதில் ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை, அட்வான்ஸையும் திருப்பிக் கேட்டோம். சிவில் வழக்குப் போட அவருக்கு ஒரு வருடம்தான் கெடு. அது தாண்டிவிட்டது, அவர் போடவில்லை.

* * *

மேலே தன் கதையைச் சொன்னவருக்கு: உங்களுடையதாவது சொந்த வார்த்தை. நான் மாட்டியது ஃபார்வர்டில்.

எங்கள் குடியிருப்போர் சங்கப் பொருளாளர் பணத்தைக் கையாடிவிட்டார் என்று வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு ஆடியோ வந்தது. 'வந்ததை அப்படியே பகிர்கிறேன்' என்று மேலே ஒரு வரி எழுதி, இன்னும் இரண்டு குரூப்பில் போட்டேன். அந்த வரி என்னைக் காப்பாற்றும் என்று நிஜமாகவே நம்பினேன். நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கில் 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அப்புறம்தான் தெரிந்தது: அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு மாதிரி, அது செய்கிற சேதத்துக்கு அனுப்பியவரே பொறுப்பு, பிறகு கேட்கும் மன்னிப்பு அதிலிருந்து விடுவிக்காது. பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறொருவர் எழுதியதைத்தான் அவர் பகிர்ந்திருந்தார். வழக்கை ரத்து செய்ய உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

பொருளாளர் நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை. நேராக என் வீட்டுக்கு வந்தார். பேங்க் ஸ்டேட்மென்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக் காட்டினார். காணோம் என்று சொன்ன பணம் சங்கத்தின் பெயரிலேயே டெபாசிட்டில் இருந்தது. எழுந்து போகும்போது, "என் பொண்ணு கேக்கறா சார், நெஜமாவே எடுத்தீங்களாப்பான்னு" என்றார்.

அன்றைக்கே மூன்று குரூப்பிலும் என் பெயர் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவரும் சரி என்று விட்டுவிட்டார். ஆனால் அந்த ஆடியோ மூன்று குரூப்போடு நிற்கவில்லை. எட்டு மாதம் கழித்து, போன வாரம், எனக்குத் தெரியாத ஒருவர் லிஃப்டில் அவரைக் காட்டி, "பணத்தை எடுத்தது இவர்தானே?" என்று என்னிடமே கேட்டார்.