புதுப்பிப்பு: கான்டனீஸில் பேச்சுச் சொல்லும் எழுத்துச் சொல்லும்

ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் நான் படித்த சொற்களை அங்கே சந்தையில் பேசினால் செய்தித்தாள் வாசிப்பது போல இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, ஹாங்காங் நாடகங்களை சப்டைட்டிலோடு பார்க்கச் சொன்ன யோசனைதான். நடிகர்கள் பேசுவது பேச்சுமொழி. கீழே ஓடுவது பெரும்பாலும் எழுத்துச் சீனம். காதில் விழுவது ‘கோய்’, திரையில் இருப்பது ‘தா’, இரண்டும் ‘அவர்’தான். ‘சாப்பிடு’ பேச்சில் ‘ஸிக்’, எழுத்தில் ‘ஹெக்’. இப்படி ஜோடி ஜோடியாக நோட்டில் எழுதிவந்தேன். நம் ‘வந்துட்டேன், வந்துவிட்டேன்’ போல என்று நினைத்திருந்தேன். இல்லை, இங்கே பல இடங்களில் சொல்லே வேறு.

எதிர்பாராதது பாட்டு. கான்டோபாப் எனப்படும் கான்டனீஸ் பாப் பாடல்களின் வரிகள் பெரும்பாலும் எழுத்து நடை, உச்சரிப்பு மட்டும் கான்டனீஸ். பேச்சுப் பழக நான் பாட்டைப் பிடித்துக்கொண்டதுதான் குழப்பத்துக்கே காரணம். பாட்டை ரசிக்க வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நாடகத்தைப் பாருங்கள்.