வாசிக்கத் திணறும் பிள்ளைக்குத் தனி அறை தேவையா?

கரும்பலகை:
மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளைத் தினமும் அரைமணி நேரம் வேறு அறைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி தரப்போகிறார்களாம். என் மகளும் அதில் இருக்கிறாள். விளையாட்டு, ஓவியம் நேரத்தில்தான் கூட்டிப்போவார்களாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிடித்ததைப் பிடுங்கிக்கொண்டு பிடிக்காததைத் திணித்தால் வாசிப்பு வந்துவிடுமா? அப்புறம், "நீ மக்கு ரூம்தானே" என்று மற்ற பிள்ளைகள் ஆரம்பிக்க எத்தனை நாள் ஆகும்?

தமிழ்வாத்தி:
விளையாட்டு நேரத்தில் கைவைப்பது தப்புதான். ஆனால் தனியாக உட்காரவைப்பதே கூடாது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 40 பேர் இருக்கிற வகுப்பில் ஒரு பிள்ளை வாய்விட்டு வாசிப்பதைக் கேட்க ஒரு நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம். கேட்டால்தானே எங்கே தடுக்குகிறது என்று தெரியும்? ஒரு பையன் 'கொடி'யைக் 'கெடி' என்று வாசிக்கிறான். எழுத்து தெரியாமல் இல்லை. கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று வாய் முந்திவிடுகிறது, பின்னால் நிற்கிற துணைக்காலைக் கண் சேர்த்துப் பிடிப்பதில்லை. இன்னொருத்தி ஒவ்வொரு எழுத்தையும் சரியாகச் சொல்வாள், வரி முடிவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். இரண்டு பேருக்கும் "இந்தப் பாடத்தைப் பத்துத் தடவை எழுதிட்டு வா" என்று சொன்னால் என்ன பயன்?

நடுபெஞ்சு:
வாத்தியாரே, கேட்க நன்றாக இருக்கிறது. அந்த அறையில் உட்காரப்போவது நீங்களா? பல இடங்களில் அனுபவமுள்ள ஆசிரியர் வகுப்பில் இருப்பார், திணறுகிற பிள்ளைகளுக்குப் பயிற்சியே இல்லாத தற்காலிக ஆள் வருவார். இன்னொன்று. நியூசிலாந்தில் மேரி கிளே உருவாக்கிய 'ரீடிங் ரெக்கவரி' திட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர், தினமும் அரைமணி, 12 முதல் 20 வாரம். அமெரிக்காவில் முதல் வகுப்பு முடிவுகளைப் பார்த்துக் கைதட்டினார்கள். 2022-ல் வந்த தொடர் ஆய்வு என்ன சொன்னது? மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வந்தபோது, ஏறக்குறைய அதே நிலையில் இருந்தும் அந்த உதவி கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் பின்தங்கியிருந்தார்கள்.

தமிழ்வாத்தி:
சரி, அதில் குற்றவாளி தனி அறையா, அங்கே சொல்லிக்கொடுத்த விதமா? படத்தையும் வாக்கியத்தின் போக்கையும் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்குகிறது என்பது அந்தத் திட்டத்தின் மேல் பல வருடங்களாக உள்ள புகார். ஊகம் முதல் வகுப்புப் புத்தகத்தில் ஓடும். படம் குறைந்து வரி நீளும்போது படுத்துவிடும். 2000-ல் அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளை அலசியபோது, எழுத்தையும் ஒலியையும் வரிசையாகச் சொல்லித்தருவதும், பெரியவர் திருத்தத் திருத்த வாய்விட்டு மறுபடி வாசிப்பதும் பலன் தருகின்றன என்றுதான் வந்தது. இரண்டாவதை 40 பேரோடு செய்துகாட்டுங்கள், பார்ப்போம்.

நடுபெஞ்சு:
ஜோடி போட்டு வாசிக்கவைக்கலாமே. வகுப்பை விட்டு யாரும் வெளியே போக வேண்டாம்.

தமிழ்வாத்தி:
'கெடி' என்பவனுக்கு 'கெடி' என்பவனே ஜோடியாக வந்தால்?

மௌனவாசகி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிள்ளைக்குக் கண், காது பரிசோதனை செய்தாயிற்றா? எல்லோரும் நேராக அறைக்குப் போய்விட்டீர்கள். அப்புறம், 'வயது வந்தால் தானே வரும்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். வாசிப்பு பற்றி ஆராய்ந்த உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-லேயே எழுதிவிட்டார்: நன்றாக வாசிக்கிறவன் நிறைய வாசிக்கிறான், சொல்வளம் கூடுகிறது, இன்னும் நன்றாக வாசிக்கிறான். திணறுகிறவன் புத்தகத்தையே தவிர்க்கிறான், இடைவெளி வருடா வருடம் அகலமாகிறது.

கரும்பலகை:
கண் பார்த்தாயிற்று, காது பார்க்கவில்லை. பார்க்கிறேன். வாத்தியார் சொல்வதில் பாதிதான் எனக்கு ஏறுகிறது. யார் சொல்லித்தருகிறார், எத்தனை வாரம், எப்போது திரும்ப வகுப்புக்கு அனுப்புவீர்கள் என்று கேட்கப்போகிறேன். விளையாட்டு நேரத்தைத் தொட்டால் கையெழுத்து கிடையாது.

தமிழ்வாத்தி:
போடாதீர்கள். பதிலுக்கு நூலக நேரத்தைக் கேளுங்கள்.

நடுபெஞ்சு:
நூலக நேரமா! வாசிக்க வராத பிள்ளைக்குப் புத்தகம் தொடுகிற அந்த ஒரு வேளையையும் பிடுங்கவா?