ரஃப் மிக்ஸ்தான் உண்மையான முதலாளி: மிக்ஸிங் அறையில் சந்தித்த மனிதர்கள்

தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகச் சேர்த்துச் சமன்செய்வதுதான் மிக்ஸிங். அந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது எந்த பிளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்), எந்த ஸ்பீக்கர் என்றுதான். "ரஃப் மிக்ஸை என்ன செய்வீர்கள்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. பாட்டைத் தருகிறவர் தானே தோராயமாகக் கலந்து வைத்திருக்கும் மாதிரிதான் ரஃப் மிக்ஸ். எனக்கு வரும் பணம், போகும் தூக்கம், மறுபடி வேலை தருகிறவர்கள், தராமல் போகிறவர்கள் எல்லாம் அந்த ஒரு ஃபைலைச் சுற்றித்தான் நடக்கிறது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அறைக்கு வந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஒருவர் சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிவு செய்து எனக்கு மல்டிடிராக் (ஒவ்வொரு ஒலியும் தனித்தனி ஃபைலாக) அனுப்பினார். ரஃப் மிக்ஸும் வேண்டும் என்றேன். "அது வேண்டாங்க, சும்மா எனக்காகப் போட்டது, கேவலமா இருக்கும்" என்றார். இப்படிச் சொல்கிறவர்கள்தான் அதை மாதக்கணக்கில் காரிலும் நடைப்பயிற்சியிலும் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். விடாமல் கேட்டு வாங்கினேன்.

மிக்ஸ் முடிந்ததும் நேரில் வந்து கேட்டார். முழுப் பாட்டும் ஓடி முடிந்தது. "நல்லா இருக்கு... ஆனா ஏதோ போயிடுச்சு" என்றார். என்ன போயிற்று என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த இடத்தில் அடி, மேல் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈகியூவைத் தொட்டால் வேலை முடியவே முடியாது. நான் அவருடைய ரஃப் மிக்ஸை எடுத்து என் மிக்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு டிராக்கில் வைத்தேன். மொத்தப் பாட்டின் மேலும் லிமிட்டர் (உச்சச் சத்தத்தை அடக்கி மொத்தத்தையும் ஏற்ற உதவும் கருவி) போட்டு நன்றாக இறுக்கியிருந்தார், அதனால் என்னுடையதைவிடச் சத்தம் பல டெசிபெல் அதிகம். மீட்டர் பார்த்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது எதென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். இப்போது என் மிக்ஸைக் காட்டி "இதுதான்" என்றார்.

இதில் ஏமாற்று வித்தை ஏதும் இல்லை. சத்தம் குறையும்போது காது அடி ஸ்வரங்களைத்தான் முதலில் விட்டுவிடும் என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதே பாட்டை ஒன்றிரண்டு டெசிபெல் ஏற்றி வைத்தால் பேஸ் கனத்து, மேல்பக்கமும் பளிச்சென்று திறந்த மாதிரி இருக்கும். கேட்கிறவருக்கு அது சத்தமாகத் தெரியாது, தரமாகத்தான் தெரியும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எப்படியும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஏற்றி இறக்கித்தான் ஒலிக்க வைக்கின்றன. ஆக, ரஃப் மிக்ஸின் அந்தப் பெரிய சத்தம் கேட்பவரிடம் போய்ச் சேரப்போவதில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் இதைப் பாடமாக நடத்தக் கூடாது. அளவைச் சரிசெய்து கேட்க வைத்தால் போதும், அவரே புரிந்துகொள்வார்.

அப்புறம் அவர் கேட்டதுதான் முக்கியம். "இரண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு எதிரொலி மங்கிக்கிட்டே போகுமே, அது எங்கே?" மல்டிடிராக்கில் அது இல்லவே இல்லை. அவர் கணினியில் ஒரு டிலே பிளகின் போட்டிருந்தார், ஃபைல்களை வெளியே எடுக்கும்போது அது வராமல் நின்றுவிட்டது. ரஃப் மிக்ஸில் மட்டும் இருந்தது. அந்த டிலேயைத் தனி டிராக்காக எடுத்து அனுப்பச் சொல்லிச் சேர்த்தேன். "போயிடுச்சு" என்று அவர் சொன்னதில் பாதி சத்தத்தால் வந்த மயக்கம், மீதிப் பாதி நிஜமாகவே போயிருந்தது. இரண்டையும் பிரித்து அறிவதுதான் இந்த வேலை என்பேன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், இதற்குப் பல வருஷம் பிடிக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நாலு பேர் உள்ள ஒரு பேண்ட். நாலு பேரும் தனித்தனியாகத் திருத்தம் அனுப்பினார்கள். கிதார்காரருக்குக் கிதார் ஏற வேண்டும், பேஸ்காரருக்கு பேஸ் ஏற வேண்டும். கீபோர்டு வாசிப்பவர் மட்டும் "பாட்டு கேட்கல" என்று எழுதியிருந்தார், நான் அவர் பக்கம். அதற்குப் பிறகு வேலை தொடங்கும்போதே மூன்று விஷயங்களை எழுதி அனுப்பிவிடுகிறேன்: திருத்தங்களை ஒருவர்தான் அனுப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நிமிடம், விநாடி குறிக்க வேண்டும், இரண்டு சுற்றுக்கு மேல் போனால் தனிக் கட்டணம். கடுப்பாகத் தெரிந்தாலும் இதனால் சண்டை குறைந்ததே தவிரக் கூடவில்லை.

திருத்தம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒலிப்பதிவு இன்ஜினியர் ப்ரூஸ் ஸ்வீடியன் சொன்ன ஒரு கதை உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 1982 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு 91 மிக்ஸ் வரை போனார்களாம், கடைசியில் வெளியானது இரண்டாவது மிக்ஸ். என் வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்வதில்லை. சொன்னால் மிச்சம் 89-ஐயும் போட்டுத் தாருங்கள் என்பார்கள்.

*

ஒரு பாடகியின் பதில்:

மிக்ஸ் பற்றி எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாடுகிறவள் நான். ஒரு ஸ்டுடியோவில் எனக்குச் சுருதி நிற்கவில்லை என்று திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். கடைசியில் "ட்யூன் பண்ணிக்கலாம், விடுங்க" என்ற குரல். அதைக் கேட்ட பிறகு பாட்டு எங்கிருந்து வரும்?

அதே பாட்டை வேறோர் இடத்தில் பாடினேன். அங்கிருந்த இன்ஜினியர் அண்ணா என்னைப் பாடச் சொல்வதற்கு முன்பே என் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக் கேட்டார். நாங்கள் என்ன கேட்டுக்கொண்டு பாடுகிறோம் என்று பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். சத்தத்தைக் குறைத்தார். அலை அலையாக ஆடிக்கொண்டிருந்த சிந்த் பேடை (கீபோர்டின் நீண்ட பின்னணி ஒலியை) நிறுத்திவிட்டு, வெறும் பியானோவை மட்டும் கொடுத்தார். "ஒரு காதைத் திறந்து வெச்சுக்கோங்கம்மா" என்று சொல்லி, அந்தப் பக்க ஒலியையும் அணைத்தார். அணைக்காவிட்டால் திறந்திருக்கும் ஹெட்போன் சத்தம் மைக்கில் ஏறிவிடுமாம்.

அடுத்தது தாமதம். ஒலியைக் கணினி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவுதான் பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் அது 256 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 5 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல், போகவும் வரவும் சேர்த்தால் இரட்டிப்பு என்று விளக்கினார். என் குரல் எலும்பு வழியாக எனக்கு உடனே கேட்கிறது, ஹெட்போனில் சற்றுத் தள்ளி வருகிறது. இரண்டும் மோதும்போது குரல் உள்ளீடற்ற குழாய் மாதிரி மெலிந்துவிடும். கணினி வழியாக வருவதை நிறுத்தி, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்தே நேரடியாக என் குரலைக் கொடுத்தார். அன்று எனக்குச் சுருதி நின்றது. ட்யூன் செய்தாரா என்று கேட்டேன், சிரித்தார், பதில் வரவில்லை.

*

உதவியாளராக இருந்தவர்:

நான் கற்றது ஒரு பெரியவரிடம். டேப்பும் பெரிய கன்சோலும் (குமிழ்கள் நிறைந்த ஒலிக்கலவை மேசை) இருந்த காலத்தில் வந்தவர் அவர். ஒரு மிக்ஸை மறுபடி திறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு குமிழும் எங்கே நின்றது என்று உதவியாளர்கள் தாளில் குறித்து வைக்க வேண்டும். எஸ்எஸ்எல் நிறுவனத்தின் கன்சோலில் நினைவு வசதி வந்தபோதும் அது குமிழ் இருந்த இடத்தைத் திரையில் காட்டும், அவ்வளவுதான். கையால் திருப்புவது நாம்தான். அதனால் எனக்கு அவர் கொடுத்த முதல் பாடம் ஃபைல் பெயர். "ஃபைனல்", "புது ஃபைனல்", "நிஜ ஃபைனல்" என்று வைத்தால் அன்றைக்கு அர்ச்சனைதான். தேதியும் எண்ணும் இருக்க வேண்டும். எல்லா டிராக்கும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரே ஒரு சிம்பல் சத்தம் மூன்றாவது நிமிடத்தில் வந்தாலும் சரி.

கன்சோலின் மீட்டர் வரிசைக்கு மேலே யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கர் வைத்திருந்தார். 1978-ல் வீட்டு ஸ்பீக்கராக வந்தது அது, ஸ்டுடியோக்கள் பிடித்துக்கொண்டன. அதைப் பேச்சுச் சத்தத்தைவிடக் குறைவாக வைத்துத்தான் மணிக்கணக்கில் வேலை செய்வார். அறைக்கு ஒரு கிதார்காரர் வருவார், வந்ததும் வால்யூமைத் திருகிவிடுவார். பெரியவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கிதார்காரர் போன் பேச வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். மாலைக்குள் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த மனிதருக்குக் கடைசி வரை தெரியாது.

காது பற்றி மட்டும் கடுமையாகப் பேசுவார். 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு, 88-க்குப் போனால் 4 மணி நேரம். மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். கணக்கு அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வு அமைப்பினுடையது, சுவரில் ஒட்டி வைத்தவர் இவர்.

*

தயாரிப்பாளராக வேலை செய்பவர்:

எல்லோரும் ஒலியைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் காசைப் பற்றிச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் பாட்டுக்கு பீட், அரேஞ்ச்மென்ட், மெட்டில் ஒரு பகுதி எல்லாம் என்னுடையது. பேச்சுவார்த்தை முழுக்க "பாத்துக்கலாம்டா" தான். பாட்டு ஓடியது. வெளியிட்ட நிறுவனம் போட்ட பெயர்ப் பட்டியலில் நான் இல்லை. நண்பர் கெட்டவர் இல்லை, ஃபார்மை வேறு யாரோ நிரப்பியிருக்கிறார்கள். பெயரைச் சேர்க்க வைக்க ஏகப்பட்ட மின்னஞ்சல். கடைசியில் கைகொடுத்தது பாட்டு உருவான காலத்தில் நாங்கள் மாற்றிக்கொண்ட செய்திகளும் தேதி போட்ட புராஜெக்ட் ஃபைல்களும்தான்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சாகித்யமும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதன் பதிவான மாஸ்டர் இன்னொன்று. மிக்ஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம், கணக்கு முடிந்தது. தயாரிப்பாளருக்கு முன்பணத்தோடு மாஸ்டர் வருமானத்தில் சில சதவீதம் பேசுவது வழக்கம், ஆனால் அந்த முன்பணம் கழிந்த பிறகே மேற்கொண்டு காசு வரும். மெட்டில் கை வைத்திருந்தால் அது தனிப் பங்கு, தனியாக எழுத வேண்டும். மாஸ்டர் ஃபைல் கைமாறும் முன்பே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகத் தரும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடமுள்ள குறியீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பதிவு என்ற பேச்சு வந்தால் அதை வைத்துத்தான் தேடுவார்கள்.

*

டிரம்மர் ஒருவர்:

எனக்கு நீளமாக எழுத வராது. ஆல்பம் வந்தது, கேட்டேன், ஸ்னேர் (டிரம் செட்டில் 'டப்' என்று வெட்டி ஒலிக்கும் டிரம்) என்னுடையது இல்லை. நான் அடித்த இடத்தில் எல்லாம் வேறு யாருடைய ஸ்னேரோ கேட்கிறது. மெதுவாக அடித்த கோஸ்ட் நோட்டுகளும் ஒரே பலத்தில். மிக்ஸ் செய்தவரிடம் கேட்டதற்கு "இப்பல்லாம் அப்படித்தான் சார்" என்றார். இது சரியா?

*

முதலில் எழுதியவர்:

டிரம்மர் சார், சரியில்லை. சேம்பிள் (வேறு இடத்தில் பதிவு செய்த தனி அடி) சேர்ப்பது தப்பில்லை, நானும் சேர்ப்பேன். அசல் ஸ்னேரைத் தூக்கிவிட்டு வைப்பதுதான் தப்பு. கோஸ்ட் நோட்டுகளுக்கு டிரிகர் (அடியைக் கேட்டதும் சேம்பிளை ஒலிக்க வைப்பது) வேலை செய்யாதபடி அது விழித்துக்கொள்ளும் அளவை, அதாவது த்ரெஷோல்டை, ஏற்றிவிட்டு, அசலுக்கு அடியில் லேசாகச் சேர்த்தால் உங்கள் கை உங்கள் கையாகவே இருக்கும். டிரம் செட்டுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்குகளில் உங்கள் ஸ்னேர் எப்படியும் இருக்கிறது. அதோடு சேம்பிள் சண்டை போடாமல் இருக்க ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை ஒருமுறை தட்டிப் பார்த்து, எதில் அடி கனமாக நிற்கிறதோ அதில் விட வேண்டும். அடுத்த முறை பதிவு முடிந்த அன்றே உங்கள் ஸ்னேரைத் தனியாகப் பல பலங்களில் அடித்துப் பதிவு செய்துகொடுங்கள். மிக்ஸ் செய்பவருக்கு சேம்பிள் தேவைப்பட்டால் அதையே எடுத்துக்கொள்ளட்டும்.