டிரை சிரப்: தண்ணி எவ்வளவு ஊத்தணும், கரண்ட் போனா என்ன பண்ண?

உசிலை_பக்கம்:
பாப்பாவுக்கு மூணு வயசு, காதுல சீழ். அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் ஆசிட் டிரை சிரப், காலையிலயும் ராத்திரியும் 5 மி.லி., 5 நாளைக்கு எழுதியிருக்காங்க. கடையில 30 மி.லி. பாட்டில் ரெண்டு, பவுடராவே குடுத்தாங்க. கூட சின்ன பிளாஸ்டிக் குப்பியில தண்ணி. அம்புட்டையும் ஊத்தணுமா? ரெண்டு பாட்டிலையும் இப்பவே கலந்துரலாமா? மத்தியானம் கரண்ட் வேற போயிருது. பாப்பா பாதியைத் துப்பிடுறா.

மருந்தாளுநர்_மேலூர்:
கணக்கு குப்பியில இல்லங்க, பாட்டில்ல போட்டிருக்க கோட்டுல இருக்கு. திறக்கும் முன்னாடி பாட்டிலைக் கவுத்து உள்ளங்கையில நாலு தட்டு தட்டுங்க, அடியில ஒட்டின பவுடர் உதிரட்டும். பாதித் தண்ணி ஊத்தி, மூடி, நல்லாக் குலுக்குங்க. நுரை பொங்கும். நுரை கோட்டைத் தொட்டதும் போதும்னு நிறுத்திடுறாங்க பாருங்க, அங்கதான் தப்பு. தண்ணி குறைஞ்சு மருந்து கெட்டியாயிரும், ஒவ்வொரு வேளையும் அளவு கூடிரும். நுரை அடங்குனதும் கோடு வரைக்கும் ஊத்தி மறுபடி குலுக்குங்க. குப்பித் தண்ணி பத்தலைன்னா கொதிக்கவச்சு நல்லா ஆறின தண்ணி. சூடா ஊத்தாதீங்க.

நாளைக்கு 10 மி.லி., மொத்தம் 50. முதல் பாட்டில் மூணு நாள் வரும். ரெண்டாவதை அது தீர்ந்தப்புறம் கலந்தா போதும். கலந்ததுக்கு ஃபிரிட்ஜிலயே ஆயுசு 7 நாள்தான், பாட்டில் மேல தேதி எழுதிருங்க. கலக்காத பவுடருக்கு ஃபிரிட்ஜ் வேணாம், வெயிலும் ஈரமும் படாம இருந்தா சரி. அரப்பாளையத்துல வாங்கிட்டு பஸ் ஏறுறவங்க கடையிலயே கலந்து வாங்காதீங்க, வீட்டுக்குப் போயி கலக்குங்க. பவுடர் கட்டிதட்டியோ பழுப்பாவோ இருந்தா திருப்பிக் குடுங்க.

இன்னொண்ணு. லேபிள்ல 228.5னு இருக்கா, 457னு இருக்கா? 5 மி.லி.ல எத்தனை மி.கி. மருந்து இருக்குங்கிற எண் அது. ரெண்டு பாட்டில்லயும் ஒரே எண்தானா பாருங்க.

வைகைக்கரை:
கரண்ட் இல்லாட்டி தண்ணிப்பானை பக்கத்துல ஈரத்துணி சுத்தி வைக்கலாமே? எங்க ஊர்ல அப்படித்தான்.

வார்டு_சிஸ்டர்:
தண்ணி குடிக்க பானை அருமை தம்பி, இந்த மருந்துக்குப் பத்தாது. 2–8 டிகிரி வேணும், சித்திரை வெயில்ல பானை அதுக்குப் பக்கத்துலகூட வராது. கிளாவுலனிக் ஆசிட்தான் முதல்ல கெடும்.

அக்கா, மூடின ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம்போல குளிர்ச்சியைப் பிடிச்சு வச்சிருக்கும், கரண்ட் வர்ற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க. ஃப்ரீசர்லயும் வேணாம், கதவுத் தட்டுலயும் வேணாம், நடுத்தட்டுல பால் பாக்கெட் பக்கத்துல வைங்க. நாள் முழுக்க கரண்ட் இல்லாத வீடுன்னா டாக்டர்கிட்டச் சொல்லுங்க, தண்ணியில கரையுற மாத்திரையா மாத்தி எழுதுவாங்க.

குடுக்குறப்ப ஒவ்வொரு தடவையும் குலுக்கணும், மருந்து அடியில தங்கிரும். வீட்டு ஸ்பூன் வேணாம், ஊசியில்லாத சிரிஞ்சுல எடுத்து, பிள்ளையை உக்காரவச்சு, கன்னத்து உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. நேரா தொண்டைக்கு அடிச்சா துப்பத்தான் செய்யும், புரையும் ஏறும். பால் பாட்டில்ல கலக்காதீங்க, மிச்சம் வச்சா எவ்வளவு உள்ள போச்சுன்னே தெரியாது. சாப்பாடு ஆரம்பிக்கறப்ப குடுத்தா வயிறு அவ்வளவா பிரட்டாது. ஒரு வேளை விட்டுப்போச்சுன்னா ஞாபகம் வந்ததும் குடுங்க. அடுத்த வேளை நெருங்கிருச்சுன்னா விட்டுருங்க, ரெண்டு மடங்கு குடுக்காதீங்க.

லேசா வயித்தால போறது சகஜம், ஓ.ஆர்.எஸ். குடுங்க. மலத்துல ரத்தம் வந்தா, உடம்புல தடிப்பு வந்தா அடுத்த வேளை குடுக்காம டாக்டரைப் பாருங்க. உதடு, முகம் வீங்கி மூச்சு இழுத்தா 108. காய்ச்சல் விட்டுருச்சுன்னு ரெண்டாம் நாளே நீங்களா நிறுத்தாதீங்க. மூணு நாளாகியும் காதுவலி, காய்ச்சல் குறையலைன்னா திரும்பக் காட்டணும்.

உசிலை_பக்கம்:
இப்பத்தான் பாத்தேன், ஒண்ணு 228.5, இன்னொண்ணு 457! ரெண்டாவதுல 2.5 மி.லி. குடுத்தா சரியாப் போயிருமா?

மருந்தாளுநர்_மேலூர்:
நீங்களா பாதியாக்காதீங்க. டாக்டர் எந்த எண்ணை எழுதியிருக்காருன்னு சீட்டைப் பாருங்க, அந்த பாட்டிலை மட்டும் கலந்து இன்னிக்கு ஆரம்பிங்க. சீட்டுல எண்ணே இல்லைன்னா குடுக்கும் முன்னாடி டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. மத்ததைப் பிரிக்காம, சீட்டோட கொண்டுபோயி மாத்திக்கங்க.