மறு: அல்லியம் விக்டோரியாலிஸ் – தமிழில் 'கவசப்பூண்டு'?

> 'காட்டு வெங்காயம்' என்றே வைத்துவிடலாமே? எளிமையாக இருக்கிறது.

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்காக விக்டோரியாலிஸுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்; வெங்காயமும் பூண்டும் அடங்கிய அல்லியம் பேரினத்துச் செடி அது. 'காட்டு வெங்காயம்' எளிமைதான். ஆனால் அந்தப் பெயரில் நம்மிடம் ஏற்கெனவே ஒரு செடி உண்டு. நரிவெங்காயத்துக்குக் காட்டு வெங்காயம் என்றும் பெயர். அதன் குமிழில் இருப்பது இதயத் துடிப்பையே குலைக்கும் நஞ்சு. விக்டோரியாலிஸோ உண்ணத் தகுந்த செடி. கலைச்சொல் பட்டியலை நம்பி யாராவது நரிவெங்காயத்தை வாணலியில் போட்டால் யார் பொறுப்பு?

> அப்படியென்றால் 'மலைப்பூண்டு'?

அதுவும் கைவிட்டுப் போய்விட்டது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. அது பயிரிடும் வெள்ளைப்பூண்டு. தவிர, மலையில் தானாக முளைக்கும் அல்லியங்கள் ஏராளம். நேபாளத்தில் பருப்புக்குத் தாளிக்கும் ஜிம்புவும் அந்தக் கூட்டம்தான். 'மலை' என்ற அடை எதையும் பிரித்துக் காட்டாது.

செடியைப் பார்த்துப் பெயர் வைப்போம். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட இனம் இது. ஐரோப்பிய மலைகள், காக்கசஸ், இமயம் என்று பரவியிருக்கிறது. நம் வெங்காயத்தாள் போலக் குழலாக இல்லாமல் இலை தட்டையாக, அகலமாக இருக்கும். முக்கியமான அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது: குமிழைச் சுற்றி உலர்ந்த நார்கள் வலையாகப் பின்னிக் கிடக்கும், பழைய போர்வீரர்களின் சங்கிலிச் சட்டை மாதிரி. ஜெர்மன் மொழியில் இதற்கு 'அல்லர்மான்ஸ்ஹார்னிஷ்' என்றே பெயர். எல்லாருக்குமான கவசம் என்று பொருள். பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சுரங்கத் தொழிலாளர்கள் கெட்ட ஆவி அண்டாமலிருக்க இதைத் தாயத்தாக அணிந்தார்கள். விக்டோரியாலிஸ் என்பதில் உள்ள 'வெற்றி'யும் அந்த நம்பிக்கையிலிருந்து வந்ததுதான்.

ஆகவே என் பரிந்துரை 'கவசப்பூண்டு'. 'வெற்றி வெங்காயம்' மூலத்துக்கு நெருக்கம்தான், ஆனால் தேர்தல் சுவரொட்டி வாடை அடிக்கிறது.

---

> என் பரிந்துரை 'கவசப்பூண்டு'

கவசம் சரி. பூண்டு எதற்கு? அல்லியம் என்றாலே வெங்காயம் என்று ஒரே சீராக வைத்தால் பட்டியல் ஒழுங்காக இருக்குமே.

---

அப்படிப் பார்த்தால் வெள்ளைப்பூண்டும் அல்லியம்தானே ஐயா, அதையும் மாற்றுவோமா? இதன் மணம் பூண்டு மணம். 'புல் பூண்டு' என்று சொல்லும்போது பூண்டு சிறுசெடியையும் குறிக்கும், அதுவும் பொருந்துகிறது. இதன் கிழக்காசிய உறவை ஜப்பானியர் 'கியோஜா நின்னிக்கு', அதாவது மலைத்துறவியர் பூண்டு என்கிறார்கள்.

மணத்தை வலியுறுத்த வேறொரு காரணமும் இருக்கிறது. கொல்சிக்கம் என்ற செடியின் இலையை அந்த ஜப்பானியப் பூண்டு என்று நினைத்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. நம் கண்வலிக்கிழங்கில் உள்ள அதே கொல்சிசின் நஞ்சுதான் அதிலும். அந்த இலையில் பூண்டு மணம் வராது. எனவே விளக்கக் குறிப்பில் 'இலையைக் கசக்கினால் பூண்டு மணம் வரும்' என்ற வரியையும் சேர்த்துவிடுகிறேன். பறித்த கையிலேயே மணம் ஒட்டியிருக்கும் என்பதால் ஒவ்வொரு இலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.