ரியாத்தில் முதல் வியாபாரப் பேச்சு: எப்போது போவது, எப்படி நடந்துகொள்வது?

கரூர்_தறி:
கரூரில் பெட்ஷீட், துண்டு செய்கிறோம். இதுவரை ஐரோப்பா ஆர்டர்தான், எல்லாம் மெயிலிலேயே முடிந்துவிடும். இப்போது ரியாத்தில் ஒரு மொத்த வியாபாரி சாம்பிள் பார்த்துவிட்டு "நேரில் வாருங்கள்" என்கிறார். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2027 பிப்ரவரி நடுவில் டிக்கெட் போடலாமா? மார்க்கெட்டிங் பார்ப்பது என் அக்கா, அவரும் வருகிறார். ஒரு நாள் போதுமா?

ரியாத்_பழசு:
தம்பி, டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அந்த வருஷம் நோன்பு பிப்ரவரி 8 வாக்கில் ஆரம்பிக்கிறது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊழியருக்கு நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்பது அங்கே சட்டம். பெருநாள் சரக்கும் அதற்குள் இறங்கியிருக்கும். ஜனவரியில் போங்கள், இல்லையென்றால் ஏப்ரல். மே நடுவில் ஹஜ் வந்துவிடும். ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை நாள். வெள்ளிக்கிழமை போன்கூடச் செய்யாதீர்கள்.

ஒரு நாளெல்லாம் பத்தாது. ஜவுளி இறக்குமதி செய்கிற ஒரு சவுதி முதலாளியிடம் கணக்கு எழுதியவன் நான். அவர் அறைக் கதவு சாத்தியே இருக்காது. நீங்கள் சாம்பிளை விரித்துக்கொண்டிருக்கும்போதே மச்சான் வருவார், பேங்க்காரர் வருவார், நடுவில் போன் அடிக்கும். வருகிறவருக்கு எழுந்து சலாம் சொல்லிவிட்டு உட்காருங்கள். கடிகாரத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரர் யாரும் அங்கே ஆர்டர் வாங்கி நான் பார்த்ததில்லை. அப்புறம் காவா, அதாவது அரபு காபி வரும், வெளிர் மஞ்சளாக, ஏலக்காய் தூக்கலாக, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். சும்மா நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்! அப்பா, பிள்ளைகள் நலமா என்று கேட்பார். நீங்களும் கேளுங்கள், மனைவியைத் தனியாக விசாரிக்க வேண்டாம். விலைப் பேச்சை அவரே எடுக்கட்டும். எடுத்துவிட்டால் நம்மூர் மாட்டுச்சந்தை தோற்கும், அதனால் முதல் விலையில் கொஞ்சம் இடம் வையுங்கள்.

தம்மாம்_தமிழச்சி:
அக்காவுக்கு: 2019-ல் சுற்றுலா விசா திறந்தபோதே வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா (உடை மேல் போடும் நீள அங்கி) கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தளர்வான சுடிதார் போதும். கையை முதலில் நீட்ட வேண்டாம். அவர் நீட்டினால் கொடுக்கலாம், நெஞ்சில் கை வைத்தால் நாமும் வைத்தால் சரி. விலை பேசப் போவது அக்காதான் என்றால் அதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மரியாதை என்று நினைத்து அவர் உங்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பார். அக்காவுக்கு எரிச்சல் வரும்.

கப்பல்_பாய்:
காவா இருக்கட்டும், காகிதத்தை யாரும் சொல்லவில்லையே! சபர் என்கிற சவுதி அரசு இணையதளத்தில் இறக்குமதிச் சரக்கைப் பதிய சவுதி வணிகப் பதிவு வேண்டும், அதனால் அது பையர் வேலை. அரபி லேபிளில் என்ன போட வேண்டும் என்று அவரிடமே எழுதி வாங்குங்கள். 2020 ஜூலையிலிருந்து அங்கே வாட் 15%, அவர் விலையை அழுத்துவதற்கு அதுவும் காரணம். சிரித்து வழியனுப்பினார் என்பதற்காகத் தறியில் பாவு ஏற்றிவிடாதீர்கள். எல்.சி (பணத்துக்கு அவர் பேங்க் தரும் உத்தரவாதக் கடிதம்) கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார், முதல் நாளே கேட்காமல் இருந்தால் சரி.

கரூர்_தறி:
ஜனவரிக்கு மாற்றிவிட்டேன், ஒரு வாரம். ஸ்வீட் கொண்டுபோகலாமா?

ரியாத்_பழசு:
தாராளமாக. நெய் ஸ்வீட்டாக இருக்கட்டும். உங்கள் முன்னால் பிரிக்காமல் ஓரமாக வைத்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.